முன்னால் ஓடும் முதுகு

போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என் அண்ணன் மகளை மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்தோம். திருச்சி ஜங்ஷனில் அந்த நேரத்துக்கு எப்போதும் இருக்கிற கூட்டம்தான். அண்ணி இடித்துக்கொடுத்த பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் ஒரு பையில், துணிமணி ஒரு பையில், ஸ்பைக்ஸ் மட்டும் தனியாக அவள் தோளில். மற்ற பைகளை யார் தூக்கினாலும் விட்டுவிட்டாள், அந்த ஷூவை மட்டும் யார் கையிலும் கொடுக்கவில்லை. வண்டி நகர்ந்தபோது அண்ணன் ஜன்னலைப் பிடித்தபடி கூடவே நாலடி நடந்தார். நான் நடக்கவில்லை. ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதற்கு முந்தைய இரண்டு வாரமாகவே அவளிடம் சரியாகப் பேசியிருக்கவில்லை, அன்றைக்கும் "பத்திரமா இரு" என்பதற்கு மேல் வாயில் எதுவும் வரவில்லை. இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த நாலடியை நான் நடக்காமல் விட்டது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. அதை எழுதித்தான் எடுக்க வேண்டும்போல இருக்கிறது.

அவள் 400 மீட்டர் ஓடுகிறவள். பிளஸ் டூ முடித்ததும் சென்னையில் ஒரு கல்லூரி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கூப்பிட்டது. படிப்புக்குக் கட்டணம் இல்லை, விடுதி இலவசம், சாப்பாடு இலவசம், காலையும் மாலையும் பயிற்சி. அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், அவருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீட்டில் எதிர்த்தவன் நான் ஒருவன்தான். அவளுக்கு முதல் ஷூ வாங்கிக்கொடுத்தவன், ஆறாம் வகுப்பிலிருந்து அதிகாலையில் வண்டியில் பின்னால் உட்காரவைத்து ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனவன் என்ற உரிமையில் எதிர்த்தேன்.

என் பக்கத்து நியாயம்

எனக்கு ஒரு கணக்கு இருந்தது, அதை யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தமிழ்நாட்டிலிருந்து தடகளத்தில் ஐந்து பேர் போனார்கள். ஆரோக்கிய ராஜீவ் லால்குடி பக்கம். சுபா வெங்கடேசன் திருச்சி. தனலட்சுமி சேகர் திருச்சி, குண்டூர். ரேவதி வீரமணி மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலம். நாகநாதன் பாண்டி ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம். ஐந்தில் மூன்று பேர் எங்கள் மாவட்டம், சென்னையில் பிறந்து வளர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நான்கு பேரில் மூன்று பேர் ரேவதி, சுபா, ராஜீவ். அப்படியிருக்க, எல்லாரும் எதற்காக மூட்டையைக் கட்டிக்கொண்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடுகிறார்கள் என்பது என் கேள்வி. பத்து வருடம் ஒரு பிள்ளையை இங்கே ஒரு பி.டி. வாத்தியாரோ, வேலைக்குப் போகும் முன்னும் பின்னும் மைதானத்துக்கு வரும் ஒரு மாஸ்டரோ சம்பளம் இல்லாமல் வளர்க்கிறார். பிறகு அந்தப் பிள்ளை ஜெயிக்கும்போது செய்தியில் வேறு ஊர் பெயர், வேறு கோச் பெயர். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே குரல் உயர்ந்துவிடும். இப்போதும் இந்தப் பகுதியில் நான் சொல்வதில் தப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

தனலட்சுமியை நான் அடிக்கடி உதாரணம் காட்டுவேன். 2021 மார்ச்சில் தேசிய அளவிலான பெடரேஷன் கோப்பையில் நூறு மீட்டரை 11.39 விநாடியில் ஓடி, அப்போது தேசிய சாதனையை வைத்திருந்த டூட்டி சந்தைத் தோற்கடித்தவர். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி கொடுத்த மணிகண்ட ஆறுமுகத்திடம் திருச்சியிலேயே பழகியவர். அடுத்த வருடம் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தடை பெற்றார், அது எங்கள் ஊருக்கே பெரிய வலி. அதைத் தள்ளிவைத்துவிட்டு அந்த 2021 ஓட்டத்தை மட்டும் சொல்லி, "பார், இங்கிருந்தே முடியும்" என்பேன். ஒருநாள் என் அண்ணன் மகள் ஷூ கயிற்றைக் கட்டியபடியே சொன்னாள்: "அவங்க பழகினது இங்கதான் சித்தப்பா. ஆனா அந்த 11.39 பஞ்சாப்ல, பாட்டியாலால வந்தது. பக்கத்துல டூட்டி சந்த் ஓடினாங்க." பதில் பேசுகிறாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது, அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

காலை ஐந்தரை மணி

காஜாமலை அண்ணா ஸ்டேடியத்துக்குக் காலையில் வந்து பார்த்தால் திருச்சியில் ஓட ஆள் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நல்ல கூட்டம். நடக்க வருகிற பெரியவர்கள் வெளிச் சுற்றில். உள்ளே முக்கால்வாசி பேர் போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகிற பையன்களும் பெண்களும். காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், ராணுவத்துக்கு 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். பெண்களுக்குக் காவலர் தேர்வில் 400 மீட்டர், இரண்டரை நிமிடத்துக்குள் முடித்தால் போதும். அந்தப் பெண்கள் பாவம், வேலைக்குப் போய்விட்டு வந்து, வீட்டுவேலை முடித்து, மூச்சு வாங்க வாங்க அந்த இரண்டரை நிமிடத்துக்காகப் பழகுவார்கள். அவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே 400-ஐ ஒரு நிமிடத்துக்குள் ஓடுகிற ஒருத்திக்கு அந்தக் கூட்டத்தில் துணை கிடையாது. அவள் முதல் வளைவைத் தாண்டும்போதே தனியாகத்தான் இருப்பாள். ட்ராக்கில் அவளுக்கு முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள், பின்னாலும் சத்தம் கேட்காது.

அவளுக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டருக்கு இது தெரியும். அதனால் பையன்களோடு ஓடவைத்தார். ராணுவத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த மணப்பாறைப் பையன் ஒருவன் 400-ஐ 54 விநாடிக்கு ஓடுவான். அவனை அவளுக்கு முன்னால் பத்து மீட்டர் விட்டு ஓடச் சொல்வார். எட்டு மாதம் அது நடந்தது, அந்த எட்டு மாதத்தில்தான் அவள் 62-லிருந்து 60-க்கு இறங்கினாள். பிறகு அவனுக்குச் செலக்‌ஷன் ஆகிவிட்டது, போய்விட்டான். அடுத்து ஒருவன் வந்தான், மூன்று மாதத்தில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். வேலை கிடைத்துப் போகிறவனை யாராவது தடுக்க முடியுமா? அதன் பிறகு மாஸ்டர் விசில்தான் அவளுக்குத் துணை. ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் எந்த விநாடியில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு விசில் ஊதுவார், விசில் வரும்போது அவள் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். நான் 200 மீட்டர் கோட்டில் நின்று "இருபத்தெட்டு அஞ்சு, இருபத்தெட்டு அஞ்சு" என்று கத்துவேன். ஒன்றரை வருடம் இப்படியே போனது. 59.3, 59.6, 59.4, மறுபடி 59.3. மாஸ்டரின் நோட்டில் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதியதுபோல இருக்கும்.

அப்போது நாங்கள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். முட்டை போதவில்லையோ என்று அண்ணி இரண்டை நாலாக்கினார். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவா என்று டெஸ்ட் எடுத்தோம். ஷூ பழசாகிவிட்டது என்று புதுசு வாங்கினேன். ட்ராக் இருக்கிறது, மாஸ்டர் இருக்கிறார், சாப்பாடு இருக்கிறது, பிள்ளை உழைக்கிறாள், பிறகு எது தடுக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை.

முதல் லேன்

பிளஸ் டூ படிக்கும்போது சென்னையில் ஒரு ஸ்டேட் மீட். பெரியமேடு நேரு ஸ்டேடியம். பெரியவர்கள் பிரிவில் ஓடிப் பார்க்கட்டும் என்று மாஸ்டர் பெயர் கொடுத்திருந்தார். நானும் கூடப் போனேன். ஹீட்ஸ் என்கிற முதல் சுற்றில் நாலாவதாக வந்தாள், 58.7. டைமிங் அடிப்படையில் கடைசி ஆளாக ஃபைனலுக்குள் நுழைந்தாள். அதுவே எங்களுக்குப் பெரிய விஷயம். மறுநாள் சாயங்காலம் ஃபைனல், அவளுக்கு முதல் லேன்.

400 ஓடியவர்களுக்குத் தெரியும், முதல் லேன் யாருக்கும் பிடிக்காது. வளைவு இறுக்கமாக இருக்கும், வேகத்தைப் பிடித்துவைக்க முடியாமல் உடம்பு வெளியே இழுக்கும். டைமிங் நன்றாக வைத்திருப்பவர்களுக்கு நடு லேன்களைக் கொடுத்துவிட்டு, தட்டுத்தடுமாறி உள்ளே வந்தவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். ஆனால் அந்த லேனுக்கு ஒரு விசேஷம் உண்டு. வளைவின் நீளத்தைச் சமப்படுத்த ஒவ்வொரு லேனுக்கும் தொடக்கக் கோடு முன்னால் தள்ளித் தள்ளிப் போகும் அல்லவா, அதனால் எட்டாவது லேனில் நிற்கிறவர் யாரையும் பார்க்க முடியாது. முதல் லேனில் நிற்கிறவருக்கு முன்னால் மற்ற ஏழு பேரும் படிக்கட்டு மாதிரி வரிசையாக நிற்பார்கள்.

துப்பாக்கி வெடித்தது. நான் கேலரியில் இருந்து பார்த்தேன். முதல் 200-லேயே தெரிந்துவிட்டது, அவளால் யாரையும் பிடிக்க முடியாது என்று. எதிர்ப் பக்க நேர்கோட்டில் எல்லாருக்கும் பின்னால். கடைசி வளைவு முடிந்து நேர்கோட்டுக்குள் வரும்போது, 300-ஐத் தாண்டியதும் தொடை கல்லாகிவிடும், முட்டி மேலே வராது, அங்கேதான் அவள் எப்போதும் உடைவாள். அன்றைக்கு அங்கே உடையவில்லை. ஏழாவதாக ஓடிய பெண்ணின் முதுகிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசி நூறு மீட்டரை ஓடிமுடித்தாள். எட்டாவது. எட்டுப் பேரில் எட்டாவது. திருச்சியில் மூன்று வருடமாக எப்போதும் முதலாவதுதான், அவள் இரண்டாவதாகக்கூட வந்ததில்லை. எனக்கு நெஞ்சு பிசைந்தது. என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்தபடியே படியிறங்கிப் போனேன். அவள் ட்ராக் ஓரம் புல்லில் மல்லாந்து கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பரவால்லம்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன். அவள் கண்ணைத் திறந்து பலகையைக் காட்டினாள். 57.8.

ஒன்றரை வருடம் அசையாத எண் இரண்டு நாளில் ஒன்றரை விநாடி இறங்கியிருந்தது. அதே ஷூ, அதே சாப்பாடு, அதே பிள்ளை. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூச்சு வாங்கியபடியே சொன்னாள்: "சித்தப்பா, முன்னாடி ஏழு முதுகு தெரிஞ்சுது. நம்ம ஊர்ல நான் ஒரு முதுகையும் பாத்ததே இல்ல. எவ்ளோ வேகமா ஓடணும்னு எனக்குத் தெரியவே தெரியாது. விசிலுக்குத்தான் ஓடினேன். இவங்களப் பாத்தா, இவ்ளோ ஓடலாமான்னு தோணுச்சு."

நான் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் புரிந்துகொள்ளவில்லை, புரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதுதான் சரி. ஊருக்கு வந்ததும், "பாத்தியா, நம்ம பயிற்சிதான் 57.8 கொடுத்தது" என்று மாஸ்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அதில் பாதி உண்மைதான், அஸ்திவாரம் இங்கே போட்டதுதான். ஆனால் அந்தக் கடைசி ஒன்றரை விநாடியை இங்கே யாராலும் கொடுத்திருக்க முடியாது. அந்த மீட்டுக்குப் பிறகு திரும்பவும் தனியாகப் பழகி ஜனவரியில் ஓடிப் பார்த்தபோது 58.9. அந்தச் சாயங்காலம்தான் அவள் என்னிடம், "நான் சென்னைக்குப் போறேன் சித்தப்பா" என்றாள். "அங்க போனா நீ கடைசி ஆளா இருப்ப" என்று நான் சொன்னேன். மட்டம்தட்ட வேண்டும் என்றுதான் சொன்னேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் கோபப்படவில்லை. "ஆமா. அதுக்குத்தான் போறேன்" என்றாள்.

ஊரின் அளவு

அவள் போன பிறகு எனக்கு வந்த யோசனைகளில் ஒன்று, இது பெரிய ஊர் சின்ன ஊர் விவகாரமே இல்லையோ என்பது. கென்யாவில் இட்டேன் என்று ஒரு சின்ன ஊர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2400 மீட்டர் உயரம். அங்கிருந்து ஓட்டக்காரர்கள் நைரோபிக்கு ஓடிப்போவதில்லை, உலகத்து ஓட்டக்காரர்கள்தான் அங்கே போய் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். உயரமும் மெலிந்த காற்றும் ஒரு காரணம். ஆனால் அந்த உயரத்தில் உலகம் முழுக்க எத்தனையோ ஊர்கள் உண்டு. 1976-ல் அங்கே ஒரு பள்ளிக்கு வாத்தியாராக வந்த அயர்லாந்துத் துறவி கோல்ம் ஓ'கானல், தடகளப் பயிற்சி எதுவும் படிக்காதவர், அப்படியே தங்கிவிட்டார். 800 மீட்டரை 1:40.91-ல் ஓடிய டேவிட் ருடிஷா அவரிடம் வளர்ந்தவர்தான். ஒருவர் போகாமல் இருந்தார், அவரைச் சுற்றி நாலு பேர் ஓடினார்கள், நாலு பேரைப் பார்த்து நாற்பது பேர் வந்தார்கள். இப்போது அந்த மண் ரோட்டில் விடிகாலையில் யார் கிளம்பினாலும் முன்னால் ஒரு முதுகு இருக்கும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் கோவில்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன ஊர், திருச்சியோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்னது. ஹாக்கி வீரர் கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர், அவர் பழகப் போனது சென்னைக்கு இல்லை, கோவில்பட்டியில் இருக்கும் அரசு விளையாட்டு விடுதிக்கு. அதே ஊர் மாரீஸ்வரன் சக்திவேலோடு 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்குள் வந்தார். கோவில்பட்டியில் தாத்தா ஹாக்கி ஆடியிருப்பார், மாமா ஆடியிருப்பார், தெருவில் பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். அங்கே போகிற பையனுக்கு எதிரில் நின்று பந்தைப் பிடுங்க ஆள் இருக்கிறது. அதேபோல வித்யா ராம்ராஜ், நித்யா ராம்ராஜ் இரட்டையர்கள். கோயம்புத்தூரில் பிறந்தவர்கள், அது திருச்சியைவிடப் பெரிய ஊர், அங்கிருந்தும் அவர்கள் ஈரோட்டுக்குப் போய், பிறகு சென்னைக்குப் போனார்கள். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை வித்யா 55.42-ல் ஓடினார், பி.டி. உஷா 1984-ல் வைத்த தேசிய சாதனைக்கு அப்படியே சமம். அந்தப் போட்டியில் நித்யாவும் நூறு மீட்டர் தடை ஓட்டத்தில் இருந்தார். இவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும், ஒரே வயதில் கூட ஓட ஒருத்தி பிறப்பிலேயே இருந்தாளே, அது எவ்வளவு பெரிய கொடுப்பினை. என் அண்ணனுக்கு ஒரே மகள்.

நானும் ஓடியவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் 800 மீட்டர் ஓடினேன். மண் ட்ராக், காலில் கேன்வாஸ் ஷூ. மாவட்டத்தில் மூன்று வருடம் நான்தான் முதல். 2 நிமிடம் 4 விநாடிக்குக் கீழே கடைசி வரை போகவில்லை. துவாக்குடியில் வேலை கிடைத்தது, நிறுத்திவிட்டேன். என் உடம்பின் எல்லை அவ்வளவுதான் என்று முப்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நேரு ஸ்டேடியம் புல்லில் அவள் சொன்னதைக் கேட்ட பிறகு அந்த நம்பிக்கை ஆடிவிட்டது. எனக்கு முன்னாலும் யாரும் ஓடியதில்லையே. அவளை நான் தடுத்ததில் என்னுடைய இந்தப் பழைய கணக்கும் கலந்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். இங்கேயே இருந்து அவள் சாதித்துவிட்டால், இங்கேயே இருந்த நானும் சரியாகத்தான் இருந்தேன் என்று ஆகும் அல்லவா.

போனவர்கள் விட்டுப்போன இடம்

சரி, அவள் போனது சரிதான் என்று ஒத்துக்கொண்டுவிட்டால் மனம் அடங்கியிருக்க வேண்டும். அடங்காததற்குக் காரணம் மாஸ்டர் சொன்ன ஒரு வார்த்தை. ஆகஸ்டில் ஒருநாள் நடக்கப் போனபோது அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். "என்ன மாஸ்டர், பிள்ளைங்க வரலையா?" என்றேன். "அவ போனதுல எனக்கு வருத்தம் இல்ல சார். போகணும், போனாத்தான் முன்னேறுவா. ஆனா அவ பின்னாடி ஓடிக்கிட்டிருந்த மூணு பொண்ணுங்க இருந்தாங்கல்ல, அதுல ரெண்டு இப்ப வர்றதில்ல. வந்தாலும் யாரத் துரத்துறதுன்னு கேக்குதுங்க" என்றார்.

இத்தனை நாளும் அவளுக்கு முன்னால் முதுகு இல்லை என்பதை மட்டும்தான் நான் யோசித்திருந்தேன். அவளே மூன்று பேருக்கு முதுகாக இருந்தாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு ஊரிலிருந்து ஒரு ஓட்டக்காரி போகும்போது நாம் கணக்கில் எழுதுவது ஒரு ஆள் குறைந்தது என்று. உண்மையில் அவள் பின்னால் வந்த வரிசையே கலைகிறது. ஐந்து வருடம் கழித்து அந்த வரிசையிலிருந்து இன்னொருத்தி தேறுகிறாள் என்று வையுங்கள், அவளுக்கும் இங்கே துணை இல்லை, அவளும் கிளம்புவாள். எத்தனை கோடிக்கு ட்ராக் போட்டாலும் இந்த ஓட்டை அடைபடாது. ஏனென்றால் ட்ராக் போடுவதற்கு ஒரு முறை பணம் போதும், கூட ஓடுகிற ஆறு பேரைத் தக்கவைக்க ஒவ்வொரு வருடமும் ஏதாவது செய்ய வேண்டும்.

ஆறு பேர் என்று சும்மா சொல்லவில்லை, மாஸ்டரும் நானும் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. ஒரே காலத்தில் 60 விநாடிக்குக் கீழே ஓடுகிற ஆறு பெண்கள் திருச்சியில் இருந்தால், அடுத்தவள் 57 வரை வர சென்னை தேவைப்படாது. அந்த ஆறு பேர் இங்கே பிறக்காமல் இல்லை. மணப்பாறை, முசிறி, லால்குடி, துறையூர் என்று வருடத்துக்கு இரண்டு பேராவது மாவட்டப் போட்டியில் கண்ணில் படுகிறார்கள். பத்தாம் வகுப்போடு ஒருத்திக்குக் கல்யாணப் பேச்சு, ஒருத்திக்கு ஹாஸ்டல், ஒருத்திக்கு மில் வேலை என்று ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறார்கள். இங்கே இருக்கும் கல்லூரிகள் இரண்டு மூன்று சேர்ந்து இந்த ஆறு பேரையும் ஒரே மாஸ்டரிடம் காலையில் ஓடவைத்தால் போதும், யார் எந்தக் கல்லூரிப் பனியனில் ஜெயிக்கிறார்கள் என்பதை மீட்டில் பார்த்துக்கொள்ளலாம். பொன்மலை ரயில்வே பணிமனையும் ரயில்வே கோட்டமும் இருக்கிற ஊர் இது, விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு வந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். 2023 உலகப் போட்டியில் 4x400 தொடர் ஓட்டத்தை 2:59.05-ல் ஓடி ஆசிய சாதனை வைத்த அணியில் கடைசிச் சுற்று ஓடிய ராஜேஷ் ரமேஷ் திருச்சியில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். அந்த மாதிரி ஒருவர் முகாமிலிருந்து ஊருக்கு வருகிற பத்து நாளில் ஸ்டேடியத்தில் நாலு சுற்று ஓடினால், அதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அந்த வேகம் கண்ணில் பதிந்துவிடும். ஆனால் போனவர்கள் வந்தால் பாராட்டு விழா, மாலை, பொன்னாடை, போட்டோ என்று அந்தப் பத்து நாளையும் நாம்தான் மேடையிலேயே தீர்த்துவிடுகிறோம்.

அங்கே அவளுக்கு எல்லாம் பாலும் தேனுமாக ஓடவில்லை. முதல் மூன்று மாதம் அழுதுகொண்டே போன் பண்ணினாள். அண்ணி பொடி தீர்ந்ததும் சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு கிலோ இறங்கினாள். அக்டோபரில் பின்தொடை பிடித்துக்கொண்டு ஐந்து வாரம் ஓடவில்லை, ஓடாதவளுக்கு அங்கே பேசக்கூட ஆள் இல்லை என்றாள். வண்டி ஏறி வந்துவிடு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அவளோடு பயிற்சி செய்கிற ஒன்பது பெண்களில் அவள் இப்போது ஆறாவது. 56.9 ஓடியிருக்கிறாள்.

பொங்கலுக்கு வந்தாள். நாலு நாள். போகிக்கு மறுநாள்கூட விடவில்லை, வீட்டில் பானை வைத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டேடியத்துக்குக் கிளம்பிவிட்டாள். காணும் பொங்கல் அன்று காலை மாஸ்டரும் வந்திருந்தார். அந்த மூன்று பேரில் மிச்சம் இருந்த ஒருத்தி, எட்டாம் வகுப்புப் படிக்கிறவள், ஓலையூர் பக்கத்திலிருந்து அப்பாவின் சைக்கிளில் வருகிறவள், எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தாள். "அக்கா, உங்க கூட ஒரு ரவுண்டு ஓடவா?" என்றாள். என் அண்ணன் மகள் சின்னவள் என்று வேகத்தைக் குறைக்கவில்லை. எதிர்ப் பக்கம் போகும்போது இடைவெளி ஐம்பது மீட்டர் ஆகிவிட்டது. சின்னவள் விடாமல் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு கையை வீசி வீசி ஓடினாள். கடைசி நேர்கோட்டில் அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன். மாஸ்டர் வாட்ச்சைப் பார்த்தார், நோட்டில் எழுதினார், என்னிடம் நீட்டினார். 68.2. அதுவரை அவள் 70-க்குக் கீழே ஓடியதே இல்லை.

சின்னவள் இரண்டு முட்டியிலும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். மூச்சு நிதானமாவதற்குள்ளேயே தலையை நிமிர்த்தி, "அக்கா, நாளைக்கும் வருவீங்களா?" என்றாள். அன்று ராத்திரி மலைக்கோட்டைக்கான டிக்கெட் என் போனில்தான் இருந்தது. அண்ணன் மகள் அதற்குப் பதில் சொல்லாமல் ஸ்பைக்ஸைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.